மூன்று ஓட்டைச் சப்பாத்து

2022 இல் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு, முருங்கனிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். ரோட்டில் ஏற்றம் இல்லை. ஆனால் சோளகம் அடிக்கும் மாதங்களில் தள்ளாடியைத் தாண்டிப் பாலத்துக்கு வந்தால் காற்று ஓங்கி அறையும்.

நான் வாங்கிய பழைய யப்பான் சைக்கிளில் பூட்டுப் பெடல் இருந்தது. சப்பாத்தின் அடியில் பூட்டும் கிளிட் என்ற சிறு இரும்புத் துண்டு அதில் கொழுவிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் கழரும். எதிர்க்காற்றில் மிதிக்கும்போது கால் வழுக்காது. ஷிமானோ 1990 இல் கொண்டுவந்த எஸ்.பி.டி முறை அது. கிளிட்டுக்கு இரண்டு ஆணி. அதற்கான சப்பாத்துகளில் பெரும்பாலும் கிளிட் றப்பர் அடிக்குள் பதிந்திருக்கும், இறங்கி நடக்கலாம். பந்தயச் சப்பாத்துக்கு மூன்று ஆணி; கிளிட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இது தெரியாமல், வெள்ளைவெளேரென்று மின்னிய ஒரு பந்தயச் சோடியை விலைக்கழிவில் வாங்கி நாலு பேருக்குக் காட்டியும் விட்டேன். வீட்டில் திருப்பிப் பார்த்தபோதுதான் மூன்று ஓட்டை. தெரியாமல் வாங்கியதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. மாற்றியிருக்கலாம். பிழையாக வாங்கிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. சப்பாத்துக்கேற்ற பெடலைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்; அது சப்பாத்தைவிட விலை. பழைய பெடல் உடைந்துபோச்சு என்று மனைவியிடம் சொன்னேன். அது உடையவில்லை. உரப்பையில் சுற்றி ஒளித்துவைத்திருந்தேன்.

கந்தோர்ப் படிகளில் சுவரைப் பிடித்தபடி ஏறினேன். ஒரு காலை, பாலம் கடந்து பட்டினத்துக்குள் நுழைந்ததும் நடுரோட்டில் கழுதையும் குட்டியும் நின்றன. பிரேக்கைப் பிடித்தேன், கால் கழரவில்லை. சைக்கிளோடு சரிந்து முழங்கை கிழிந்தது. பெடலின் வில்லை இறுக்கும் திருகாணியைத் தளர்த்திவிட்டுத்தான் புதிதாகப் பழகுபவர் ஏறவேண்டும். அதையும் நான் கேட்டறியவில்லை.

அடுத்த வருசம், மன்னாரில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்த பக்கத்து வளவுத் தம்பி வந்து கேட்டான்: "அண்ணை, நானும் உந்தப் பெடல் போடப்போறன். குறைஞ்ச விலையில எந்தச் சப்பாத்து நல்லம்?"

"இதையே எடு தம்பி. ஒரு வருசமாப் போடுறன், ஒரு குறையுமில்லை."

சொல்லும்போதே சட்டைக் கையை இழுத்து முழங்கைத் தழும்பை மூடிக்கொண்டேன்.

காலபோக நெல் விற்ற காசில் தகப்பன் கொடுத்ததை வைத்து அவன் வாங்கினான். இரண்டாம் கிழமை, உயிலங்குளத்தில் முன்னால் போன பஸ் திடீரென்று நிற்க, காலைக் கழற்ற முடியாமல் விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு வெடித்து ஆறு கிழமை கட்டு. அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. பார்க்கப் போனேன். "நான்தான் சரியாப் பழகேல்லை அண்ணை, பிழை என்னிலதான்" என்றான்.

நான் தலையாட்டினேன்.

சப்பாத்தையும் பெடலையும்விட அந்தத் தலையாட்டல்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. பிறகு உரப்பையிலிருந்த பெடலை எடுத்துப் பூட்டி, இரண்டு ஓட்டைச் சப்பாத்து ஒன்று வாங்கினேன். மங்கிய நிறம், முந்தியதன் பாதி விலை. நூல் இல்லை, ஒட்டுப்பட்டி. சங்கிலியில் நூல் சிக்கும் பயமில்லை. அதோடு கந்தோர்ப் படியில் ஏறுகிறேன், சந்தையில் மீன் வாங்குகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பெடலைப் பாருங்கள், பிறகு சப்பாத்தைக் கவிழ்த்து ஓட்டைகளை எண்ணுங்கள்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போய், தாயும் இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்துக் காசையும் ஆறு கிழமைச் சம்பளத்தையும் மேசையில் வைத்தேன். தாய் எடுத்துக்கொண்டார். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். இன்னும் என்னோடு கதைக்கவில்லை.