திருத்தினால் மட்டும் போதும்

சென்னையிலிருந்து மேற்கே போகும் புறநகர் ரயிலில் பழகியவர்களுக்குக் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்ற வரிசை மனப்பாடமாக இருக்கும். இந்த ஊர்களின் பெயரைக் கேட்டதும் எவருக்கும் எழுத்தும் ஓவியமும் நினைவுக்கு வருவதில்லை. 1961-இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இங்கே இரண்டு மூன்று தலைமுறைகளுக்குச் சோறு போட்டவை. அண்மையில் பட்டாபிராமில் 21 மாடிகளோடு டைடல் பூங்காவும் எழுந்துவிட்டது (2024 நவம்பரில் திறந்தார்கள்). இவற்றுக்கு நடுவே, மாடி அறையிலும் படுக்கையறை மூலையிலும் கணினியை வைத்துக்கொண்டு சொல்லையும் படத்தையும் குரலையும் விற்றுப் பிழைக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் இப்பக்கம் வந்து சேர்ந்தவர்கள். மாதச் சம்பளம் கிடையாது. சேமநல நிதி கிடையாது. எந்தக் கணக்கெடுப்பிலும் இவர்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

நாங்கள் நால்வரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறார். ஒருவர் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறார். ஒருவர் அட்டைப்படம் வரைகிறார். நான்காமவர் விளம்பரங்களுக்கும் பயிற்சிக் காணொளிகளுக்கும் குரல் கொடுக்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சிதறி வசிக்கும் எங்களை ஒன்றுசேர்த்தது இலக்கியம்தான். கூட்டங்களில் சந்தித்தோம், புத்தகங்களைக் கைமாற்றிக்கொண்டோம். கடந்த இரண்டு ஆண்டுகளாக எங்கள் பேச்சு புத்தகங்களைவிட்டு விலகி, செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் நாங்கள் சிரித்தோம் என்பது உண்மை. 2011-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்க்கப்பட்ட நாள் முதலாக அதன் விநோதங்களைச் சேகரித்துப் பகிர்ந்து மகிழ்வது எங்கள் பொழுதுபோக்குகளில் ஒன்றாக இருந்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபோதும் அதன் தமிழ் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் குழந்தையைப் போல, ஒவ்வொரு முறையும் அது வளர்ந்திருந்தது. இப்போது அது எழுதும் தமிழில் எழுத்துப்பிழை அரிது. வாக்கியம் முடிகிறது. ஒற்றுகூடப் பெரும்பாலும் சரியாகவே மிகுகிறது. ‘ஒரு’ என்ற சொல் மட்டும் தேவையற்ற இடங்களிலெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் ‘செய்யப்படும்’, யாரும் எதையும் செய்யமாட்டார்கள். (இந்த வழக்கத்தை அரசு அறிவிப்புகள் இயந்திரத்துக்கு முன்பே பழகிவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சிரிப்பு நின்றது ஒரு தொலைபேசி அழைப்பில். மொழிபெயர்ப்பு வேலைகளை வாங்கிப் பிரித்துத் தரும் இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் மேலாளர் பேசினார். “முழுசா மொழிபெயர்க்க வேண்டாம் சார். மெஷின் பண்ணிடுச்சு. நீங்க ஒரு தடவை பார்த்துத் திருத்தினா மட்டும் போதும்.” சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் பெற்றுக்கொண்டிருந்த இடத்தில் 50 காசு என்றார். வேலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டதால் கூலியும் மூன்றில் ஒரு பங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

வந்த முதல் கோப்பு ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியும் குடும்பத்தாரும் கையெழுத்திடுவது. ஆங்கில மூலத்தின் முற்பகுதியில் வரும் ‘வீ’ என்பது மருத்துவர்கள். பிற்பகுதியில் வரும் ‘வீ’ நோயாளியும் உறவினர்களும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடும். தமிழில் ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. எதிரே இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா விலக்குகிறோமா என்று சொல்லாமல் இந்தச் சொற்களைத் தமிழில் பயன்படுத்தவே முடியாது. இயந்திரம் படிவம் முழுவதிலும் ‘நாம்’ என்றே எழுதியிருந்தது. ‘தேவைப்பட்டால் நாம் கூடுதல் திசுவை அகற்றலாம்’ என்று ஒரு வரி. அகற்ற நேரிடக்கூடும் என்பது மூலத்தின் பொருள். தமிழில் படிப்பவருக்கோ, ‘வாருங்கள், அகற்றிவிடுவோம்’ என்று மருத்துவர் நோயாளியைத் துணைக்கு அழைப்பதுபோல் இருக்கும். இரண்டு பக்கம் தள்ளி, ‘இதன் அபாயங்களை நாம் புரிந்துகொண்டோம்’. யார் யாருக்கு விளக்கினார்கள், யார் புரிந்துகொண்டார்கள் என்பதே அந்த வரியில் கரைந்துபோயிருந்தது.

இந்த வாக்கியங்களில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பழைய இயந்திரத் தமிழாக இருந்தால் முதல் வரியிலேயே கால் இடறும், எச்சரிக்கையாகிவிடுவோம். புதியது வழவழப்பாக ஓடுகிறது. அதனாலேயே ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒட்டிவைத்து, இது யார் யாரிடம் எந்த நிலையில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் ஆவடியிலோ திருவள்ளூரிலோ இருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து, கை நடுங்க அந்தப் படிவத்தில் கையெழுத்திடப் போகிறவரை நினைத்தால், ‘ஒரு தடவை பார்த்து’ விட்டுவிட முடியாது.

அதன்பிறகு சில மாதங்கள் நோட்டுப் புத்தகம் ஒன்றில் நேரத்தைக் குறித்துவைத்தோம். தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் குறிப்பு போன்றவற்றில் இயந்திரத்தின் உதவி மெய்யானது. பாதி நேரம் மிச்சம். விளம்பர வாசகத்திலும் சட்டம், மருத்துவம் சார்ந்தவற்றிலும் மிச்சம் ஏதுமில்லை. சிறுகதையில் நிலைமை தலைகீழ்: இயந்திரத்தின் வரியை ஒருமுறை படித்துவிட்டால் அந்த ஓசை காதில் ஒட்டிக்கொண்டு, நமக்கென்று வரவேண்டிய வரியை வரவிடாமல் செய்கிறது. ஆகவே இலக்கிய மொழிபெயர்ப்புக்கு முதல் வரைவைக் கையாலேயே எழுதுவது என்று எங்கள் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தார். முடித்த பிறகு, விடுபட்ட வரி உண்டா என்று மூலத்தோடு ஒப்பிட மட்டும் இயந்திரத்தை அழைக்கிறார். அந்த வேலையை அது நம்மைவிட நன்றாகவே செய்கிறது. அலுப்பு என்பதே அதற்கு இல்லை.

நோட்டுக் கணக்கு எங்களுக்குக் காட்டியது இன்னொன்று. இத்தனை காலம் சொல்லுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி வந்ததால், சொற்களைத் தட்டச்சு செய்வதுதான் எங்கள் வேலை என்று வாடிக்கையாளரும் நம்பினார், நாங்களும் ஏறக்குறைய நம்பிவிட்டோம். தட்டச்சை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் மிச்சமிருப்பதற்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. இப்போது மணிக்கணக்கிலும், ஆவணத்துக்கு இவ்வளவு என்றும் விலை சொல்கிறோம். சும்மா படித்துப் பார்ப்பதற்கு ஒன்று. ‘இந்தத் தமிழுக்கு நான் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதற்கு மற்றொன்று. இரண்டாவது, பழைய சொல் விலையைவிடக் கூடுதல். மேலே சொன்ன மேலாளர் அதன்பிறகு அழைக்கவில்லை. வேறு இருவர் ஏற்றுக்கொண்டார்கள். வருமானம் பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இத்தொழில் இப்படிக் குலுங்குவது முதல் முறையல்ல. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் ஒருகாலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளின் முதுகெலும்பு. விந்தன் அந்தப் பெட்டியின் முன் நின்றுவிட்டு எழுத வந்தவர்தான். கணினி அச்சுக்கோப்பு வந்ததும் அந்தப் பெட்டிகள் எடைக்குப் போயின. எங்கள் வடிவமைப்பாளர் அச்சகத்தில் பார்த்த மூத்தவர்களில், கை வேகத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் காணாமற்போனார்கள். சந்தியும் மெய்ப்பும் அறிந்திருந்தவர்கள் மெய்ப்புத் திருத்துநர்களாக ஒரு சுற்று பிழைத்தார்கள். பிறகு ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியாக்கம் என்றிருந்த காலம் போய் யுனிகோடு வந்தபோது, பழைய கோப்புகளை மாற்றித் தருவதே சில ஆண்டுகளுக்கு எங்கள் வடிவமைப்பாளருக்கு வருமானமானது.

இந்தக் கதையை நம்பிக்கையூட்டுவதாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் அச்சு வந்து, கையால் வரையும் பேனர் ஓவியர்களைச் சென்னை முழுவதும் சில ஆண்டுகளில் துடைத்துப் போட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கடைப் பலகைகளில் கையெழுத்தை வைத்தே ஓவியரை அடையாளம் சொல்லக்கூடிய காலம் இருந்தது. அவர்களில் திறமைக் குறைவால் வீழ்ந்தவர் எவருமில்லை. சதுர அடிக் கணக்கில் விலை வந்தபிறகு தூரிகையால் போட்டியிட முடியவில்லை, அவ்வளவுதான். ‘தகவமைத்துக்கொள்ளுங்கள்’ என்று மேடையில் எவராவது சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பலகைகள் நினைவுக்கு வருகின்றன. 50 வயதில் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தவரிடம் போய் யார் அதைச் சொல்வது?

அட்டைப்படக்காரர் அந்த மரபின் பேரப்பிள்ளை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். 2025 மார்ச்சில் ஜிப்லி பாணிப் படங்கள் இணையத்தை நிறைத்த வாரத்தில், பதிப்பாளர் ஒருவர் தாமே உருவாக்கிய அட்டை ஒன்றை அவருக்கு அனுப்பி, தலைப்பை மட்டும் எழுதித் தரச் சொன்னார். படத்தில் விளக்கு வெளிச்சம் அருமை. வண்டி மாட்டுக்கு நுகத்தடி கழுத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவர் இப்போது அட்டைக்கு விலை பேசும்போது, கையெழுத்துப் படியை முழுவதும் படிப்பதற்கும் சேர்த்தே பேசுகிறார். தலைப்பெழுத்தைக் கையால் எழுதுகிறார். படங்களுக்குள் இயந்திரம் எழுதும் தமிழ், தமிழைப் போலிருக்கும் வேறேதோ ஒன்றாகத்தான் பல நேரம் வருகிறது. அதுவும் நாளை சரியாகலாம். அவரும் அறிவார்.

எங்களுள் அதிகம் கலங்கியிருப்பவர் குரல் கொடுப்பவர்தான். 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்கியா இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் தந்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டு பவதாரிணியின் குரலும் ‘கோட்’ படத்தில் அவ்வாறு ஒலித்தது. கேட்டு நெகிழ்ந்தோம். ஆனால் அனுமதி கேட்கப்படுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. மாவு விளம்பரத்திலும் வங்கியின் தானியங்கித் தொலைபேசியிலும் பேசுகிறவருக்குப் பெயரே கிடையாதே! எங்கள் நண்பருக்கு வந்த ஒப்பந்தம் ஒன்றில், ஒலிப்பதிவை ‘எந்த வடிவிலும், எக்காலத்துக்கும், எந்தத் தொழில்நுட்பத்தாலும்’ பயன்படுத்தலாம் என்றிருந்தது. இரண்டு மணி நேரப் பதிவு. அதைக் கொடுத்துவிட்டால் மூன்றாவது மணி நேரத்துக்கு அவரை யாரும் அழைக்கத் தேவையில்லை.

அப்போதுதான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று 19-ஆம் பிரிவு கொள்கிறது. நிகழ்த்துநரின் உரிமைக்கும் அப்பிரிவு பொருந்தும். இத்தனை ஆண்டுகள் இது தெரியாமல் ‘கீழே கையெழுத்து’ என்ற இடத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நண்பர் அந்த வரியை அடித்துவிட்டு, இந்த விளம்பரத்துக்கு மட்டும், இத்தனை மாதங்களுக்கு, குரலை நகலெடுக்கவோ இயந்திரத்துக்குப் பயிற்றவோ கூடாது என்று எழுதி அனுப்பினார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒப்புக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம். கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

2025 ஆகஸ்டில் ‘ராஞ்ஜனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு மறுவெளியீடு கண்டதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறோம். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படம் வெளியாகத்தான் செய்தது. உரிமை தங்களிடம் இருப்பதாகத் தயாரிப்பு நிறுவனம் சொன்னது. அவர்களுக்கே இந்த நிலை என்றால் மாவு விளம்பரக்காரருக்கு என்ன!

இன்னொரு வகைக் கணக்கும் இருக்கிறது. அதை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், வலைப்பூக்களிலும், மின்னஞ்சல் குழுக்களிலும் நம்மில் எத்தனை பேர் இரவுகளைச் செலவிட்டுக் காசில்லாமல் தட்டச்சு செய்திருக்கிறோம்! தமிழ் இணையத்தில் நிறைய வேண்டும் என்ற ஆசை அன்றி வேறு நோக்கமில்லை. திறந்த இணையத்தைப் படித்துத்தான் இந்த இயந்திரங்கள் தமிழ் கற்றன. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, எங்கள் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். நமக்கு நம் நடையே திரும்பி வந்து சொல்லுக்கு 50 காசு என்கிறது.” அட்டைப்படக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியதை யார் படிக்கலாம் என்று அன்று நாம் நிபந்தனை விதிக்கவில்லையே என்றார். இருவரும் அன்று திருமுல்லைவாயில் வரை அதே பெட்டியில் பேசாமல் வந்தார்கள்.

இப்போது எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தகராறு சிறியது. புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, எந்தெந்த வேலைக்கு இயந்திரம் பயன்பட்டது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறார் வடிவமைப்பாளர். அடுத்த மாதம் வரவிருக்கும் நாவலுக்கு அப்படி ஒரு வரியை அவர் அமைத்தும் விட்டார்: மொழிபெயர்ப்பு கையால், ஒப்பீடு இயந்திரத்தால், மெய்ப்பு இருமுறை கையால், அட்டை கையால். பதிப்பாளர், இதைப் பார்த்தால் வாங்குகிறவர்கள் மொத்தமும் இயந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள், எடுத்துவிடுங்கள் என்கிறார். மொழிபெயர்ப்பாளர் பதிப்பாளர் பக்கம். மற்ற மூவரும் எதிர்ப்பக்கம். பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.