ஏ. ஜி. ராம் சிங்கும் ஒரு நோட்டுப்புத்தகமும்

'வாய்ப்புக் கிடைக்காத மேதை' என்ற பிரயோகம் நம்மிடையே மலிந்துவிட்டது. நூற்றைம்பது பிரதி விற்ற தொகுதிக்காரன் செத்துப்போனால் அடுத்த இதழிலேயே வந்துவிடுகிறது. இதில் ஒரு சௌகரியம் உண்டு. செய்ததைப் படித்து மதிப்பிடும் சிரமம் வேண்டாம். செய்யாமல் போனதற்கு வருத்தப்பட்டால் போதும். இலக்கியத்திலிருந்தே உதாரணம் காட்டலாம்தான். பெயர் சொல்ல வேண்டிவரும், மனஸ்தாபம் மிஞ்சும். ஆகவே கிரிக்கெட்டுக்குப் போகிறேன்.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும். மதராஸுக்குத் தலைவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். கெண்ட் கௌண்டிக்கு அவ்வப்போது ஆடியவர். பிழைப்பு இங்கே, எண்ணெய்க் கம்பெனியில். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48. மதராஸ் 130. மறுபடி மைசூர் 59. அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ராம் சிங்குக்கு 19 ரன்னில் 6 விக்கெட், 16 ரன்னில் 5. இடது கைச் சுழல். வயது இருபத்து நாலு. தலைப்பாகை கட்டிய மதராஸ்காரர். பிற்பாடு மட்டையிலும் தேறி, ரஞ்சியில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் சேர்த்த முதல் ஆள் ஆனார். டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை.

ஏன் என்ற கேள்விக்குப் பாதி பதில் காலண்டரில் இருக்கிறது. 1932இலிருந்து 1936 வரை இந்தியா ஆடியது ஏழே டெஸ்ட். அப்புறம் 1946 ஜூன் வரை பூஜ்யம். அந்தப் பத்து வருஷத்தில் ராம் சிங் இருபத்தாறிலிருந்து முப்பத்தாறு ஆகிவிட்டார். பந்து வீசுகிறவனுக்கு இதைவிட நல்ல வயது கிடையாது. மீதிப் பாதிக்குத் தேர்வாளர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 1936இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்களில் அவர் இல்லை, 1946இலும் இல்லை. அவர்களை விடுவிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் 1936இல் கப்பலேறிய கோபாலனைப் பாருங்கள். பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டுப் போனார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்டிலும் சேர்க்கவில்லை. அதே கப்பலில் கோட்டா ராமசாமி. நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட், 40ம் 60ம் அடித்தார். மொத்தம் இரண்டு டெஸ்ட்டோடு சரி. மேல் படி என்று நாம் அண்ணாந்து பார்ப்பது இவ்வளவு கோணலாக இருந்திருக்கிறது.

அந்நாளைய இங்கிலாந்தில் இந்தப் படிகளுக்கே பெயர் இருந்தது. முதல் தரக் கௌண்டிகள், அதற்குக் கீழே மைனர் கௌண்டிகள், அதற்கும் கீழே சனிக்கிழமை கிளப்புகள். கீழ்ப் படியில் நின்ற சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்ட்டில் 189 விக்கெட் எடுத்தவர். 1913-14இல் தென்னாப்பிரிக்காவில் நாலே டெஸ்ட்டில் 49. இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அப்படிப்பட்ட ஆள், லீக் கிளப்பில் கூலி கூட, தொல்லை குறைவு என்று பெரிய கௌண்டிகளை உதறிவிட்டு, ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற மைனர் கௌண்டிக்கு அறுபது வயது தாண்டியும் வீசிக்கொண்டிருந்தார். அவர் தானே தேர்ந்துகொண்ட இடம் அது. ராம் சிங்குக்குக் கொடுக்கப்பட்ட இடம். வித்தியாசத்தை மறைக்கவில்லை. ஆனால் ஓடிவந்து கையைச் சுழற்றும் அந்தக் கணத்தில், பந்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இன்னொரு ஆறுதலும் சொல்வார்கள்: மகன்கள் மூலம் கனவு பலித்தது என்று. கிருபால் சிங் 1955இல் ஹைதராபாதில் முதல் டெஸ்ட்டிலேயே நூறு, ஆட்டமிழக்காமல். 14 டெஸ்ட் ஆடினார். இன்னொரு நூறு வரவில்லை. மில்கா சிங் நாலு டெஸ்ட். பேரன் அர்ஜன் 1988-89இல் கோவாவுக்கு எதிராக 302. 1987இல் கிருபால் போய்விட்டார். தகப்பனார் 1999 வரை இருந்தார். இதில் எந்தக் கனவு, யாருடையது பலித்தது? ஒருவர் கணக்கை இன்னொருவர் பெயரில் வரவு வைக்கும் இந்தக் குமாஸ்தா விமர்சனம் எனக்குச் சம்மதமில்லை.

இவ்வளவும் யோசிக்க ஒரு காரணம் உண்டு. குத்துக்கல்வலசையில் என் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணாச்சி, போன வருஷம் காலமானார். பகலில் தென்காசியில் அரிசி ஆலைக் கணக்கு. ஞாயிறு தோறும் முதல் பஸ்ஸில் திருநெல்வேலி, மேட்டிங் விரித்த மைதானத்தில் லீக் ஆட்டம். அவரும் இடது கை. பதினாறாம் நாள் விசேஷத்தில் வந்தவரெல்லாம் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "மெட்ராஸ்ல பொறந்திருந்தா எங்கியோ போயிருப்பான்." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் வீசி ஒரு ஓவராவது பார்த்தவர்கள் அந்தப் பந்தியில் நாலு பேர் தேறமாட்டார்கள்.

நான் பார்த்திருக்கிறேன். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும், கூடவே சாரல். மற்றவர்கள் காற்று முதுகில் இருக்கிற முனையைக் கேட்டு வாங்குவார்கள். அண்ணாச்சி எதிர்க்காற்று முனைதான் கேட்பார். பந்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் காற்று அதைப் பிடித்து நிறுத்தும். மட்டைக்காரன் முன்னங்காலை வைத்த பிறகு, அவன் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழும். மெட்ராஸில் பிறந்திருந்தால் இதைக் கற்றிருக்கவே மாட்டார் என்பது என் கட்சி. குற்றாலத்தில் டி.கே.சி. எதிரே நாலு பேரை வைத்துக்கொண்டு கம்பனைச் சொன்னதும் ஒருவகையில் இதுதான். கேட்டவனுக்குத்தான் அது இருந்தது. நாலு பேர் போதாது என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் நோட்டுப்புத்தகம் என்னிடம் வந்தது, எழுதுகிறவன் என்பதால். "எழுதி வைக்கலேன்னா நடக்கவே இல்லேன்னுருவானுவ" என்பார். நீல மையில் இருபத்து மூன்று வருஷம், 412 விக்கெட். நழுவிப்போன கேட்ச்களும் உண்டு, நழுவவிட்டவன் பெயர் இல்லாமல். விக்கெட் விழாத ஒரு ஞாயிற்றுக்குக் கீழே: "14 ஓவர். மேல்காற்று. நல்லா வந்துச்சு."

மை வெளிறுகிறது. வேறொரு நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறேன். எட்டு வருஷம் முடிந்திருக்கிறது.