டோல்கேட் மொட்டை மாடியும் பைஜுவின் கிட்டாரும்

பைஜு தர்மஜன் கொச்சிக்காரர். ஆனால் அவர் கிட்டாரை எப்போது கேட்டாலும் எனக்குத் திருவொற்றியூர்தான் கண்ணில் நிற்கிறது. 2008இல் அவருடைய மதர்ஜேன் குழுவின் ‘மக்தூப்’ ஆல்பம் வெளிவந்தது. டோல்கேட் பக்கம் ஒரு மொட்டை மாடியில், குழுவாக வாசித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுக் கிடந்தோம்.

அதுவரை மெட்டல் என்றால் பர்மா பஜாரிலிருந்து வரும் சி.டி.தான். ட்ரீம் தியேட்டர், ஓபெத். எல்லாம் பிடிக்கும், ஆனால் எல்லாம் வேறு யாருடைய ஊரோ. மக்தூப் அப்படி இல்லை. சூரஜ் மணி ஆங்கிலத்தில்தான் பாடுகிறார். பின்னால் பைஜுவின் கிட்டார் மட்டும் மாசித் திருவிழாவில், தியாகராஜர் கோயில் வீதியில் நாங்கள் கேட்டு வளர்ந்த நாதஸ்வரத்தைப் போல ஸ்வரத்தை அசைத்து, இழைத்து, இன்னொன்றில் கொண்டுபோய் இறக்கியது.

இது எப்படி முடிகிறது என்று எங்கள் லீட் கிட்டார் நண்பன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டான். சாதாரணக் கிட்டாரில் மீட்டிய ஒலி சீக்கிரமே அடங்கிவிடும். கமகம் பாதி வழியிலேயே நின்றுபோகும். எலெக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் ஒலி நீண்டு நிற்கும். அந்த நேரத்துக்குள் தந்தியை இழுத்தும் வழுக்கியும் ராகத்தின் பிடிகளைக் கொண்டுவந்துவிடலாம். கரடுமுரடான இரைச்சல் என்று பலரும் ஒதுக்கும் அதுதான் கமகத்துக்கு மூச்சுக் கொடுக்கிறது. தாளமும் அப்படித்தான். புரோகிரெசிவ் மெட்டலில் பெரிதாகப் பேசப்படும் ஏழு எண்ணிக்கை நம் மிஸ்ர சாபுவிலேயே இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் நண்பன் ஷிப்டுக்கே போகவில்லை.

அந்நிய வாத்தியத்தில் நம் இசையை வாசிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்தது. அந்தக் காலத்தில்தான் முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் வெள்ளைக்காரர் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் பிறந்தது. தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று அதைக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தார். அந்நிய வாத்தியம் நம் வாத்தியமானதில் மணலிக்குப் பங்கு உண்டு. சுத்திகரிப்பு ஆலைப் புகையை மட்டும் வைத்து அந்த ஊரைப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

2008இல் பெங்களூரில் மெகாடெத்துக்கு முன் மதர்ஜேன் மேடையேறியது. 2010இல் பைஜு குழுவை விட்டு விலகித் தன் வழியில் போனார். எங்கள் குழுவும் அதையொட்டித்தான் கலைந்தது. ஒருவன் வளைகுடாவுக்கு, ஒருவன் ஸ்ரீபெரும்புதூருக்கு, நான் கோயம்புத்தூருக்கு. லீட் நண்பன் மட்டும் அங்கேயே, கன்டெய்னர் யார்டு வேலையில்.

கிட்டார் என்னிடம் இருக்கிறது. நான் விட்டுவந்தது வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய நகரும். கீழே தெருவில் புல்லட்டுகள் அதிரும். 1956இலிருந்து அந்த வண்டி எங்கள் ஊரில்தானே பிறந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் எங்கள் ஆம்ப் சத்தம் யாருக்கும் பாரமாகவே இல்லை. கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வந்து நின்று கேட்டுவிட்டு, “மேளக்காரங்க வாசிக்கிற மாதிரியே கீது தம்பி, சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறை” என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு என் வாசிப்பை அத்தனை சரியாக யாரும் எடைபோட்டதில்லை. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன்; பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் கிட்டார் வாசிப்பேன் என்பதே தெரியாது.

ராயபுரத்திலோ காலடிப்பேட்டையிலோ எண்ணூரிலோ கிட்டாரும் கையுமாக இருக்கும் தம்பி, தங்கைகளே, மக்தூபைத் தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு மாடிக்குப் போய், தெருவுக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.