பாட்டு எங்கேயும் கிடைக்கும்... வரிசை கிடைக்குமா?

ஒரு வீட்டில் நாலு போன் இருந்தால் நாலு பாட்டு ஆப் இருக்கும் காலம் இது. எங்கள் வீட்டில் மகளுக்கு ஸ்பாட்டிஃபை, கணவருக்கு ஜியோசாவன், எனக்கு யூடியூப் மியூசிக். எல்லாவற்றிலும் அதே இளையராஜா, அதே ரஹ்மான்தான்!

இந்த ஆப்கள் ஒன்றோடு ஒன்று சேர்வதும், ஒன்றை ஒன்று வாங்குவதும், சில கடையைக் கட்டுவதும் பிசினஸ் பக்கத்துச் செய்தி. அதைப் படிக்காமல் புரட்டிவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால், அந்தச் செய்தி ஒருநாள் எங்கள் அம்மாவின் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு, ஒரு ஆப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளைச் சேர்த்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். பக்திப் பாட்டில் தொடங்கி, கண்டசாலா, ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ் என்று போகும். எதற்கு அடுத்து எது என்பதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் போன பிறகு, மதியம் காய் நறுக்கும்போது அம்மா அதைத்தான் போட்டுக் கேட்பார்.

ஒருநாள் அந்த ஆப் மூடப்பட்டது. 'இந்தத் தேதிக்குள் உங்கள் பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அறிவிப்பு வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். மோசடி மெசேஜுக்குப் பயந்து, புரியாத எதையும் அம்மா தொடமாட்டார். தேதி முடிந்தது. பட்டியலும் போய்விட்டது.

"அதே பாட்டெல்லாம் இந்த ஆப்லயும் இருக்கும்மா" என்றேன்.

"பாட்டு எங்கேயும் கிடைக்கும்டி. உங்கப்பா வச்ச வரிசை கிடைக்குமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கம்பெனிகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு சாட்டிலைட் ரேடியோக்கள் இருந்தன. பேஸ்பால் கேட்க எக்ஸ்எம், ஹோவர்ட் ஸ்டெர்னின் பேச்சைக் கேட்க சிரியஸ். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சந்தா, இரண்டு பெட்டி. நட்சத்திரங்களுக்குக் கோடிகளைக் கொட்டி, போட்டி போட்டுக்கொண்டு இரண்டுமே நஷ்டத்தில் ஓடின. 2007-ல் சேரப்போவதாக அறிவித்தன. 'போட்டியே இல்லாமல் போய்விடுமே' என்று எதிர்ப்பு எழுந்தது. 'ஐபாடும் இன்டர்நெட்டும் எங்களுக்குப் போட்டிதானே' என்றன கம்பெனிகள். ஒன்றரை வருடம் இழுத்து, 2008 ஜூலையில் அனுமதி கிடைத்தது. மூன்று வருடம் விலை ஏற்றக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. அந்தக் கெடு முடிந்ததும், 2012 ஜனவரியில் மாதச் சந்தா 12.95 டாலரிலிருந்து 14.49 டாலர் ஆனது. 2019-ல் இதே சிரியஸ்எக்ஸ்எம், பண்டோரா என்ற ஸ்ட்ரீமிங் கம்பெனியையும் வாங்கிக்கொண்டது.

சரி, சேராமல் தனியாகவே நின்றால் நல்லதா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலோரம் சின்னதாக ஒரு ஆன்டெனா, துல்லியமான சத்தம், ரஹ்மான் போட்டுக் கொடுத்த அடையாள இசை, தமிழுக்கென்றே கே.எல்.ரேடியோ. இதன் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்தான். 2008 அக்டோபரில் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் ஊமையாகிவிட்டன.

இப்போது ஆப்களின் முறை. 2018-ல் ஜியோமியூசிக்கும் சாவனும் சேர்ந்து ஜியோசாவன் ஆயின. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. 2022-ல் கானா, சந்தா கட்டினால்தான் பாட்டு என்று மாறியது. 2024-ல் ரெஸ்ஸோ இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருடம் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது.

போட்டி இருக்கும்வரை நமக்குச் சலுகை. போட்டி குறைந்தால் விலை ஏறும். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் கடையே இருக்காது. இந்த மூன்றில் எது நடந்தாலும், முடிவெடுப்பது நாம் இல்லை. மாதாமாதம் நாம் கட்டுவது விலை இல்லை, வாடகை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய போட்டோ மாதிரிதான் அந்தப் பட்டியல். காலி செய்யச் சொன்னால் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடை என்று ஒன்று இருந்தது. பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சொன்ன நாளில் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். கடையை மூடினாலும் கேசட் நம் வீட்டில் இருக்கும். அப்பா பட்டியல் போடக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

அதே வழியைத்தான் இப்போது நாங்களும் பிடித்திருக்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் அம்மா ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். இதுவரை எழுபத்தொரு பாட்டு வந்திருக்கிறது. "இல்லடி, அதுக்கு முன்னாடி ஒரு ஜமுனாராணி பாட்டு வரும்" என்று அம்மா திருத்துவார். சில இடங்களில் காலிக் கோடு விட்டிருக்கிறோம். எல்லாம் திரும்பக் கிடைக்காது என்று அம்மாவுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கலாம். அதை எந்த ஆப்பில் வைத்திருக்கிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டும் படமும் வரிசை மாறாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலைதான்!