நடுக்கடலில் எந்தச் சேனல்?

வைப்பின் தீவின் வடகோடியில், பெரியாற்றின் ஒரு கிளை கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முனம்பம். அங்கே மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால் மலையாளத்துக்கு ஈடாகத் தமிழும் காதில் விழும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாகச் சில மீனவர் கிராமங்கள். தூத்தூரைத் தூத்துக்குடி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் தங்கு கடல் மீன்பிடியில் பெயர் பெற்றவர்கள். முனம்பத்திலும் கொச்சியிலும் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வர முப்பது நாள் ஆகலாம், நாற்பது நாளும் ஆகலாம். சுறாவையும் சூரையையும் துரத்திக்கொண்டு லட்சத்தீவைத் தாண்டிப் போவார்கள். சிலர் எல்லை தெரியாமல் ஏறக்குறைய 2,000 கி.மீ. தெற்கே உள்ள டீகோ கார்சியா வரை போய்ப் பிடிபட்டதும் உண்டு.

அத்தனை நாளும் பத்துப் பதினைந்து பேருக்கு அந்தப் படகுதான் வீடு. சமையல் அங்கே, தூக்கம் அங்கே, சண்டையும் சமாதானமும் அங்கேயே. மேல்நாட்டுக்காரர்கள் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். சக்கரம் மட்டும் இல்லை. வீடு என்று ஆன பிறகு அடுத்த கேள்வி தானாக வருகிறது: டி.வி. எங்கே?

2025 தடைக்காலத்தில் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு படகு உரிமையாளர் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. படகை ஓட்டுபவரும் அவரேதான். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கடலுக்குப் போக முடியாது என்பதால், பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, புதுச் சாமான் வாங்குவது எல்லாம் அப்போதுதான். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் இருபத்தைந்து வயதுக்காரர்கள். 'அண்ணா, ஒரு டிஷ் வச்சிரலாம்' என்று அவர்கள் ஆரம்பித்தார்கள். கிரிக்கெட் பார்க்கலாம், சினிமா பார்க்கலாம் என்றார்கள். அதற்கெல்லாம் அசையாதவரை அவர்கள் கடைசியாகச் சொன்ன காரணம் அசைத்துவிட்டது. டி.வி. இருந்தால் புயல் செய்தி தெரியுமே!

அந்த ஊர்களில் 'புயல்' என்றால் ஒக்கிதான். 2017 நவம்பர் 29-ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது, மறுநாளே புயலாகிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கே அவகாசம் இல்லை. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை. செல்போன் கரையிலிருந்து சில மைல்களிலேயே செத்துவிடும். படகில் உள்ள வயர்லெஸ் முப்பது, நாற்பது கி.மீ. போனால் பெரிது. டி.வி. சேனல்கள் நாள் முழுக்கப் புயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன, ஆனால் கேட்க வேண்டியவர்கள் காதில் அது விழவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வீடு திரும்பவில்லை. எனவே பையன்கள் சொன்னதை விளையாட்டுப் பேச்சு என்று அவரால் ஒதுக்க முடியவில்லை. எர்ணாகுளத்தில் டிஷ் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினார்.

ஓடும் வீட்டுக்கு டிஷ் வைப்பதில் மூன்று வகை உண்டு. முதலாவது, வீட்டு மாடியில் இருக்கும் அதே 60 செ.மீ. டிஷ். முக்காலியில் நிறுத்தி, கையால் திருப்பி, சிக்னல் வரும்வரை பொறுமையாகத் தேட வேண்டும். விலை சில ஆயிரம்தான். இரண்டாவது, வண்டியின் கூரையில் மடங்கிக் கிடக்கும் டிஷ். வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் தானே எழுந்து செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும். கிளம்பும் முன் மடக்கிவிட வேண்டும். மூன்றாவதுதான் ராஜா வகை. கவிழ்த்த குண்டான் போன்ற மூடிக்குள் சின்ன டிஷ் ஒன்று, மோட்டார்களின் உதவியால் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். வண்டி வளைந்தாலும் கப்பல் ஆடினாலும் செயற்கைக்கோளை விடாது. விலை லட்சங்களில்.

இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு? தொலைக்காட்சி செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கிறது. மாதச் சந்தா கேட்காத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக வருகிறது. வைப்பினிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், கிட்டத்தட்ட 67 டிகிரி உயரத்தில் இருக்கும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டி விலகினால் படம் போச்சு. சாதாரண அலையிலேயே மீன்பிடிப் படகு பத்து டிகிரி சாயும். ஆக, முதல் இரண்டு வகையும் நின்ற இடத்துக்குத்தான். கடலில் நங்கூரம் போட்டாலும் படகு நிற்பதில்லையே.

மூன்றாவது வகை ஆட்டத்தைச் சமாளித்துவிடும். தூரத்தைச் சமாளிப்பது வேறு விஷயம். செயற்கைக்கோள் வானத்தில் இருக்கிறது என்பதாலேயே அதன் சிக்னல் எல்லா இடத்திலும் விழுவதில்லை. டார்ச் வெளிச்சம்போல அதற்கும் ஒரு வட்டம் உண்டு. இந்திய டி.டி.எச். சேவைகள் இந்திய நிலத்தையும் தீவுகளையும் குறிவைத்தவை. லட்சத்தீவைத் தாண்டி மேற்கே போகப் போக வெளிச்சம் மங்கும். மங்கிய வெளிச்சத்துக்குப் பெரிய டிஷ் வேண்டும், ஆனால் மூடிக்குள் இருக்கும் டிஷ்ஷோ சிறியது. 60-க்குப் பதில் 45 செ.மீ. என்றால், சிக்னலை வாங்கும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ்காரர்களும் படித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் குடியேறியவர்களும் வீட்டு வண்டியில் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறவர்களும் பல வருடங்களாகச் சொந்த ஊர்ச் சேனல்களைப் பார்த்துவந்தார்கள். 2014 பிப்ரவரியில் பி.பி.சி. உள்ளிட்ட சேனல்கள், பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் புதிய அஸ்ட்ரா செயற்கைக்கோளுக்கு மாறின. ஸ்பெயினின் பல பகுதிகளில் ஒரே நாளில் திரை கறுப்பானது. டிஷ்ஷும் பெட்டியும் அப்படியேதான் இருந்தன, மேலே டார்ச்சின் வட்டம்தான் சுருங்கியிருந்தது. வெளிநாடு போகிறவர் டிஷ்ஷின் விலையைக் கேட்கும் முன், போகிற இடம் எந்த வட்டத்துக்குள் வருகிறது என்று கேட்க வேண்டும்.

இனி, புயல். தூத்தூர்க்காரரின் உண்மையான கேள்வி அதுதான். டி.டி.எச். சிக்னலின் அலைநீளம் சுமார் இரண்டரை செ.மீ. கனமழை அதை விழுங்கிவிடும். கேரளத்து மழைக்காலத்தில் வீட்டு டி.வி.யே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். புயல் நெருங்கும்போது மழையும் வரும், ஆட்டமும் வரும். அதாவது, செய்தி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் டி.வி. முதலில் கைவிடும். அதற்கு முந்தைய நாளே பார்த்துவிடலாமே என்றால், வலை இழுப்பவன் டி.வி. முன் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அவன் தேடிப் போகாமல், செய்தியே அவனைத் தேடி வர வேண்டும்.

ஒக்கிக்குப் பிறகு விஞ்ஞானிகள் யோசித்ததும் இந்தத் திசையில்தான். படம் காட்ட நிறையத் தகவல் வேண்டும், அதற்கு டிஷ் வேண்டும். 'புயல் வருகிறது, கரைக்குத் திரும்பு' என்பதற்கு நாலு வார்த்தை போதும். நாலு வார்த்தையை நீண்ட அலையில் அனுப்பினால் உள்ளங்கையளவு ஆன்டெனாவே வாங்கிக்கொள்ளும். அதை எந்தப் பக்கமும் திருப்ப வேண்டியதில்லை, மழையும் பெரிதாகத் தடுப்பதில்லை. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்ற கருவி, ககன் செயற்கைக்கோள் சேவை வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கி, புளூடூத்தில் செல்போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிதான், கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அந்தக் குறையையும் தீர்க்க வந்தது இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர். ஆபத்து என்றால் படகிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பலாம். 1 லட்சம் படகுகளில் படிப்படியாக இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

சாட்டிலைட் போன் வாங்கினால் என்ன என்றும் சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் அதற்கு அனுமதி வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய துராயாவையோ இரிடியத்தையோ பையில் போட்டுக்கொண்டு வந்தால் போலீஸ் கேஸ்தான். வண்டியில் உலகம் சுற்ற வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

கடைசியில் அந்தப் படகுக்காரர் லட்ச ரூபாய் மூடியை வாங்கவில்லை. டிரான்ஸ்பாண்டரை வீல்ஹவுஸில், தன் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டார். அதற்கென்று தனி பேட்டரி, அதில் செல்போன் சார்ஜ் போடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பையன்களுக்காகச் சாதாரண டிஷ் ஒன்றும் 12 வோல்ட் டி.வி. ஒன்றும் வந்தன. டிஷ் துறைமுகத்தில் படகு கட்டி நிற்கும்போது மட்டும், கடலுக்குப் போனால் பென் டிரைவ். ஆகஸ்டு முதல் பயணத்துக்கு அறுபது சினிமா ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்து முடித்துவிட்டார்கள். அடுத்த பயணத்துக்கு இன்னும் பெரிய பென் டிரைவ் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் அவர் உடனே சரி என்றுவிட்டார்.