சாமிக்கா, சமையலுக்கா?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். பெயரைப் பார்த்தால், ஒரு காலத்தில் வழிப்போக்கர்களுக்குச் சும்மா சோறு போட்ட ஊராக இருக்க வேண்டும். இப்போது அந்தத் தர்மத்தைச் சாலையோரத்து ஓட்டல்கள் காசு வாங்கிக்கொண்டு செய்கின்றன.

என் மனைவியின் தமக்கை வீடு அங்கே. போன மாதம் நாங்கள் போய்த் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை நாமக்கல் ஆஞ்சநேயரைச் சேவித்து வரலாம் என்று நான் மட்டும் கிளம்பினேன். "வரும்போது சட்னிக்கு ஒரு தேங்காய் வாங்கி வாருங்கள்" என்றாள் மனைவி.

பஸ் நிற்கும் இடத்திலேயே கடை. "சாமிக்குங்களா, சமையலுக்குங்களா?" என்றார் கடைக்காரர். இரண்டுக்கும் என்றேன். சமையலுக்கு ஐந்தாறு காய்களைத் தட்டிப் பார்த்து, காதருகே வைத்து ஆட்டி, பெரிதாக ஒன்றை எடுத்தார். சாமிக்கு, திரும்பிக்கூடப் பாராமல் பின்னாலிருந்த சாக்கில் கையை விட்டு, சின்னதாக ஒன்று எடுத்துப் போட்டார். விலையும் குறைவுதான். எனக்கு அதில் ஒன்றும் விபரீதமாகப் படவில்லை. விளக்கேற்ற மட்டுமே, சாப்பிட அன்று என்று புட்டியிலேயே அச்சிட்டு நெய் விற்கிற காலம். அதுவும் ராசிபுரத்து நெய்க்குப் பேர்போன இந்தப் பக்கத்திலேயே விற்கிறார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கிழவி, மடியில் பித்தளைத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெண்ணெயுங்க. மாடு கன்னு போட்டு மொத மொதல்ல எடுத்தது. சாமிக்கு."

"வீட்டில் குழந்தைகள் கேட்கவில்லையா, பாட்டி?"

"பேரன் கேட்டானுங்க. அழுதான். ஒரு அடி போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றவள், வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெரியபுராணத்து அரிவாட்டாயர் நினைவு வந்தது. கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் சிவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைத்தவர். செல்வம் போனபின் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல் சாமிக்கு, கார்நெல் வீட்டுக்கு. பிறகு வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைந்துவிட, வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மனைவி கொல்லையில் கீரை பறித்துச் சமைத்தாள். கீரையும் தீர்ந்தபின் இருவருக்கும் தண்ணீர்தான். ஒரு நாள் பசி மயக்கத்தில் கால் தளர்ந்து, படையலெல்லாம் நில வெடிப்பில் சிந்திவிட, அரிவாளால் தம் கழுத்தையே அறுக்கத் தொடங்கினார். வெடிப்பிலிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. மாவடுவைக் கடிக்கும் 'விடேல்' ஓசையும் கேட்டது.

கதை கேட்டவர்கள் அந்தக் கையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கீரை பறித்த கையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சேக்கிழார் மறக்கவில்லை, கணவர் விழப்போனபோது தாங்கப் பார்த்தவளும் அவள்தான்.

நாமக்கல்லில் இறங்கியபோது என் பை கனத்தது. மேலே கூரை இல்லாமல், பதினெட்டடி உயரத்தில், எதிரே குடைவரையிலுள்ள நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். அன்று வடைமாலை. பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். இரண்டு காய்களும் தட்டுப்பட்டன. கொஞ்ச நேரம் சின்னதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு பெரியதை எடுத்துக் கொடுத்தேன். கிழவி முன் வரிசையில் நின்றிருந்தாள். ஏதோ அவளுக்குச் சமமாகிவிட்டதுபோல எனக்கு ஒரு நிமிர்வு.

உடைத்த மூடிகளில் ஒன்றை வாசலில் கையேந்தியவரிடம் கொடுத்தேன். மற்றொன்றைப் பஸ்ஸிலேயே ஒரு குழந்தை வாங்கிக்கொண்டது. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன், சற்று விரிவாகவே. மனைவி சின்னத் தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போதும், பார்த்துக்கொள்ளலாம்" என்றாள்.

மறுநாள் காலை இட்லி. எனக்கும் அவள் தமக்கைக்கும் சட்னி வந்தது. அவள் தன் தட்டில் மிளகாய்ப் பொடியைப் போட்டு எண்ணெய் ஊற்றிக் குழைத்தாள்.

"உனக்குச் சட்னி?"

"எனக்கு எப்போதும் பொடிதான் பிடிக்கும்" என்றாள்.