தரைமேல் வந்த தோணி

வீடு மாற்றிக் குடிபோகிறவர்களைக் கேட்டால், எடுத்துச் செல்வதற்குச் சங்கடமான சாமான்கள் இன்னின்னவை என்று ஒரு ஜாபிதாவே ஒப்புவித்து விடுவார்கள். நிலைக்கண்ணாடி, ஊறுகாய் ஜாடி, வீணை, கொலுப் பொம்மை ஆகியவை அதில் முதல் ஸ்தானங்களை வகிக்கும். பாய்மரத் தோணிக்கு அதில் இடமில்லை. மற்றவற்றைச் சுமந்து செல்வதுதான் தோணியின் தொழிலே அன்றி, அதை ஒருவர் சுமந்து செல்வது உலக வழக்கம் அன்று. ஆயினும் சென்ற மாசி மாதத்தில், ஐந்தடி நீளமுள்ள தோணி மாதிரி ஒன்றைத் தூத்துக்குடியிலிருந்து மதுரையிலுள்ள நமது பள்ளிக்கூடத்துக்குச் சாலை வழியாகக் கொண்டுவரும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

தூத்துக்குடித் தோணி என்றதும், ஆற்றைக் கடக்கும் ஓடம் போலும் என்று உள்நாட்டு நேயர்கள் எண்ணிவிடலாகாது. 200, 300 டன் சரக்கை வயிற்றில் அடக்கிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த மரக்கலம் அது. காற்றை மட்டுமே நம்பிய காலம் போய்விட்டது; இன்று இயந்திரம் பூட்டிய தோணிகளே ஓடுகின்றன. பாய்க்குரிய கயிறுகளை முறைப்படி கட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. அத்தகைய கைகளுக்கு உடையவர் நாம் சொல்லும் பெரியவர். வயது 78. மரக்கலம் கட்டும் தச்சரைக் கடற்கரையில் ‘ஓடாவி’ என்பார்கள். இவர் பரம்பரை ஓடாவி. இளமையில் தாம் வேலை செய்த 80 அடித் தோணி ஒன்றைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, இரண்டு வருஷம் உழைத்து இந்த மாதிரியைச் செய்து முடித்தார். முடித்த சில மாதங்களில் அவர் கைகளில் நடுக்கம் கண்டுவிட்டது. ஆகவே, வழியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அதை மறுபடி போடுவதற்கு அந்தக் கை இல்லை. நமது கவலை முழுவதும் இதுதான்.

முதற் கேள்வி பாய்மரத்தைப் பற்றி எழுந்தது. மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்துவிட்டால் பெட்டி சிறியதாகும், பிரயாணமும் சுலபம். ஆனால் மரத்தைக் கழற்றுவதென்றால் அதைத் தாங்கி நிற்கும் நாற்பது கயிறுகளையும் அவிழ்க்க வேண்டும். ஆகையால் மரம் நின்றபடியே வரவேண்டியது என்று தீர்மானித்தோம். பாயை மட்டும் பருமலோடு சுருட்டிக் கட்டினோம்.

இரண்டாவது, தோணி எதன்மேல் உட்காருவது என்பது. தண்ணீரானது தோணியின் அடிவயிறு முழுவதையும் ஒன்றுபோல் தாங்குகிறது. தரையில் வைத்தாலோ ‘ஏரா’ என்னும் அடிக்கட்டையின் ஓரிரு இடங்களே பாரம் முழுவதையும் ஏற்கின்றன. எனவே அணியம், நடு, அமரம் ஆகிய மூன்று இடங்களிலும் உடலின் வளைவை அட்டையில் அளவெடுத்து, அதன்படி பலகைகளை அறுத்து, பழைய கம்பளியைச் சுற்றித் தொட்டில் ஒன்று செய்வித்தோம். தோணியின் உடலை அதில் அகலமான பருத்தி நாடாக்களால் கட்டினோம்.

பார்க்க வந்த அன்பர் ஒருவர், “மரத்தையும் மேற்சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள், ஆடாது” என்றார். அங்கேதான் அபாயம் இருக்கிறது. தொட்டில் ஒரு விதமாகவும் சட்டம் வேறு விதமாகவும் அதிரும். ஒரே பொருளை இரண்டிலும் கட்டினால் நடுவில் அகப்பட்டது ஒடியும். உடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; மரத்தைத் தன் போக்கில் அசைய விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, காற்று. வண்டியின் வேகம் இரட்டித்தால் எதிர்க்காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். காற்றைப் பிடிப்பதற்கென்றே பிறந்த பொருளைத் திறந்த வண்டியில் நிறுத்திச் செல்வது விவேகமாகாது. தார்ப்பாய் போட்டால் அது படபடத்துக் கயிறுகளை அடித்துவிடும். ஆகவே பிளைவுட் பலகையால் ஆளுயரக் கூண்டு ஒன்று அடித்தோம்.

அமர்த்திய வண்டி, ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாய் அழைக்கும் சிறு சரக்கு வண்டி. அதைச் சுற்றிப் பார்த்த பெரியவர், “வாத்தியாரய்யா, தோணியின் கனம் என்ன இருக்கும்?” என்று வினவினார்.

“இருபத்தைந்து கிலோ இருக்கும், அண்ணாச்சி.”

“அப்படியானால் வண்டி காலி என்றே அர்த்தம். காலித் தோணி கடலில் நிலைகொள்ளாது. அடியில் மணலோ கல்லோ ஏற்றுவோம். காலி வண்டியும் அப்படித்தான் துள்ளும். மணல் போடுங்கள்.”

அரை டன்னுக்கு மேல் சுமப்பதற்காக அமைந்த வில்தகடுகள் குறைந்த பாரத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை. பள்ளத்தின் அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பிவிடுகின்றன. பௌதிகம் படித்துப் பட்டம் பெற்ற நமக்குப் பாடப் புத்தகத்தில் இருந்தது, அவருக்குக் கையில் இருந்தது. எட்டு மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டினோம். தொட்டிலைப் பின்கோடியில் வைக்காமல், துள்ளல் குறைந்த இடமாகிய சக்கரங்களின் நடுவே அமைத்தோம்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டதற்கும் காரணம் உண்டு. கயிறுகளுக்கு அவர் தேன்மெழுகு பூசியிருந்தார். அது 62 டிகிரி அளவில் உருகிவிடும். வெயிலில் நிற்கும் அடைத்த கூண்டுக்குள் மெழுகு இளகுவதற்குப் போதிய உஷ்ணம் ஏறுவது சிரமமன்று. பதினைந்து கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். எதிர்பார்த்தபடியே கம்பளி அமுங்கி நாடாக்கள் ஒரு விரற்கடை தளர்ந்திருந்தன. அவற்றை இறுக்கினோம், பிறகு வழி நெடுகத் தொந்தரவு இல்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது என்ற நிபந்தனையை வண்டிக்காரர் காப்பாற்றியது அவருடைய பெருந்தன்மை. நம்மைக் கடந்து போன லாரிக்காரர்கள் அவரை நோக்கிச் சொன்னவை இங்கே எழுதத் தக்கவை அல்ல.

எட்டயபுரத்தில் காபிக்காக நின்றபோது, ஆளுயரக் கூண்டைக் கண்ட மூதாட்டி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “எந்த ஊர்ச் சாமி?” என்று கேட்டார். “கடலிலிருந்து வருகிறது, ஆச்சி” என்றோம். அவர் மறுபடியும் ஒரு கும்பிடு போட்டார். அருப்புக்கோட்டை வழியாக ஏறக்குறைய 140 கிலோமீட்டரைக் கடந்து, ஒன்பது மணிக்கு முன் பள்ளிக்கூட வாயிலை அடைந்தோம்.

கூண்டைத் திறந்ததும் பெரியவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். “ஏராவில் கீறல் உண்டா?” என்பதே அவர் முதலில் கேட்டது. இல்லை என்றோம். பாய்மரம் நேராக நிற்கிறது என்றோம். இரண்டு வாரம் கழித்து மட்டும் சிறிது கலவரத்தோடு மறுபடி பேச நேர்ந்தது. கயிறுகள் பல தொய்ந்திருந்தன.

“அது கடற்காற்றின் ஈரத்தில் இழுத்துக் கட்டியது, வாத்தியாரய்யா. பருத்திக் கயிறு ஈரத்தில் இறுகும். உங்கள் ஊர் வறட்சியில் தளரும். தளர்ந்த கயிறு அறுந்து போகாது. யாரையும் தொட விடாதீர்கள்” என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கயிறுகள் தொய்ந்தபடியே இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களில் சிலர், கட்டியவருக்குக் கட்டத் தெரியவில்லை என்று அபிப்பிராயம் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஈரத்தையும் வறட்சியையும் பற்றி விளக்குவதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை நியமித்திருக்கிறோம்.